கடலுக்குள் இறங்கும் குழுவுக்கு எந்த மந்திரப் பொருள்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், மண்டபம், தொண்டி எங்கும் விசைப்படகுகள் கரையோரம் கட்டிக் கிடக்கும். கோடை விடுமுறையும் கூடவே வருவதால், வாரம் ஒரு நாள் உட்கார்ந்தாலும் எட்டு, ஒன்பது அமர்வு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டிக் கூட்டாகக் கதை நடத்தும் மேசை விளையாட்டு) ஆடிவிடலாம். ஒரு கதை தொடங்கி முடிய அது போதும். கதைக்கு இடம் தேடி அலையவும் வேண்டாம். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் 21 தீவுகள், சுற்றிலும் பவளப்பாறை, 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடி, கீழக்கரைச் சங்குக் குளிப்பு என்று எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது.

சிக்கல் மந்திரப் பொருளில்தான் வருகிறது. எந்தப் பொருள் சிறந்தது என்று ஆட்டக்காரர்கள் பேசிக்கொள்ளும் கருத்துகள் பெரும்பாலும் பாதாளச் சுரங்கத்தையும் கோட்டையையும் மனதில் வைத்தவை. காய்ந்த தரையில் முதலிடம் பிடிக்கும் வாள், கழுத்தளவு தண்ணீரில் பாதி மதிப்பை இழக்கிறது. தரையில் யாரும் சீண்டாத தொப்பி ஒன்று இங்கே உயிரைக் காக்கிறது. எனவே ஒரு குறிப்பிட்ட நிலையை எடுத்துக்கொண்டு ஒப்பிடுவோம். நாலு பேர் கொண்ட குழு, எல்லோரும் 5ஆம் லெவல். முதல் பெரிய புதையலில், ஆட்டத்தை நடத்தும் டிஎம் பல பொருள்களைக் காட்டி, இரண்டை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். கீழே வரும் எண்கள் எல்லாம் 2014 பதிப்பு விதிகளின்படி.

மூச்சா, நீச்சலா?

கடல் ஆட்டம் என்றதும் எல்லோரும் முதலில் கை நீட்டுவது மூச்சு தரும் பொருளுக்கு. மூழ்கிச் சாகும் பயம் நியாயமானதுதான். விதியில் ஒருவர் மூச்சடக்கும் நேரம், ஒரு நிமிடத்தோடு அவருடைய கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) மாடிஃபையரைக் கூட்டினால் வரும் நிமிடங்கள். கான்ஸ்டிடியூஷன் 14 இருந்தால் மாடிஃபையர் +2, ஆக மூன்று நிமிடம். ஒரு சண்டைக்கு அது தாராளம், ஏனென்றால் ஒரு சுற்று 6 நொடிதான், பத்துச் சுற்று போனாலும் ஒரு நிமிடம்தான் ஆகிறது. அதற்கு மேல் தேவைப்பட்டால் வாட்டர் பிரீதிங் மந்திரம் இருக்கிறது. 3ஆம் லெவல் மந்திரம், பத்துப் பேர் வரை, 24 மணி நேரம். ரிச்சுவலாக, அதாவது நிதானமான சடங்காகச் சொன்னால் கூடுதலாகப் பத்து நிமிடம் பிடிக்கும், ஸ்லாட் (ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம் என்ற ஒதுக்கீடு) செலவாகாது. 5ஆம் லெவல் விசர்டின் (மந்திரவாதியின்) புத்தகத்தில் இந்த ஒரு பக்கம் இருந்துவிட்டால், வள்ளத்தில் ஏறும் முன்பே மொத்தக் குழுவுக்கும் ஒரு நாள் முழுக்க மூச்சு உறுதி. டிரூயிட் (இயற்கை மந்திரம் தெரிந்தவர்) இருந்தாலும் சரி, அன்று காலையில் அந்த மந்திரத்தைத் தயார் செய்துகொண்டால் போதும்.

ஆனால் அந்த மந்திரம் நீச்சல் வேகம் தருவதில்லை. பல குழுக்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். ஸ்விம் ஸ்பீடு இல்லாதவருக்கு நீரில் ஒவ்வோர் அடிக்கும் இரண்டு அடி செலவு. தரையில் 30 அடி நடப்பவர் நீரில் 15 அடிதான் போவார். அவர் மயங்கிக் கிடக்கும் தோழனைப் பிடித்து இழுத்தால் வேகம் இன்னும் பாதியாகி, சுற்றுக்கு ஏழு அடி. கட்டம் போட்ட பாயில் அது ஒரு கட்டம். 45 அடி ஆழத்தில் ஒருவர் விழுந்துகிடக்கிறார் என்றால் அவரை மேலே கொண்டுவர, நகர்வை மட்டும் வைத்து, ஆறேழு சுற்று. அதற்குள் அவருடைய டெத் சேவ் (உயிர் பிழைக்கிறாரா என்று பார்க்கும் உருட்டல்) எல்லாம் உருட்டி முடிந்திருக்கும்.

க்ளோக் ஆஃப் த மான்ட்டா ரே, அதாவது திருக்கைப் போர்வை, இந்தக் கணக்கையே மாற்றுகிறது. தலைமூடியைப் போட்டிருக்கும் வரை நீருக்குள் மூச்சு, கூடவே 60 அடி ஸ்விம் ஸ்பீடு. அதே தோழனை இழுத்துக்கொண்டும் சுற்றுக்கு 30 அடி. 45 அடியை இரண்டே சுற்றில் கடந்துவிடலாம். அன்காமன் (சற்றே அரிய) ரகம்தான், அட்யூன்மென்ட் (பொருளை ஒருவரோடு பிணைப்பது) வேண்டாம். கவனிக்க வேண்டியது ஒன்று: தலைமூடியைப் போடவும் எடுக்கவும் ஒரு ஆக்ஷன் ஆகும். தண்ணீரில் குதித்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் முதல் சுற்று வீண். வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும்போதே போட்டுக்கொள்ள வேண்டும்.

ரிங் ஆஃப் ஸ்விம்மிங் (நீச்சல் மோதிரம்) 40 அடி ஸ்விம் ஸ்பீடு தருகிறது, மூச்சு தராது. போர்வை கிடைக்காத இடத்தில் நல்ல மாற்று, இரண்டும் எதிரே இருந்தால் யோசிக்கவே வேண்டாம், போர்வைதான். கேப் ஆஃப் வாட்டர் பிரீதிங் தலையைச் சுற்றிக் காற்றுக்குமிழ் தரும், அவ்வளவுதான். விசர்டோ டிரூயிடோ உள்ள குழுவுக்கு இந்தத் தொப்பி இரண்டாவது வரிசைப் பொருள். இருந்தாலும் அதைத் தூக்கி எறிய வேண்டாம். எதிரி ஒருவன் டிஸ்பெல் மேஜிக் போட்டால், அவன் குறிவைத்த ஆள்மேல் இருக்கும் வாட்டர் பிரீதிங் உருட்டல் இல்லாமலே கலைந்துபோகும். தொப்பியை அது தொடாது. ஆழத்தில் மந்திரவாதி எதிரி இருக்கிறான் என்று தெரிந்த அன்று, மூச்சு மந்திரத்தைச் சொல்ல வேண்டியவர் தலையிலேயே அந்தத் தொப்பி இருக்கட்டும்.

மரினர்ஸ் ஆர்மர் (மாலுமிக் கவசம்) தனிக் கணக்கு. அணிந்தவரின் நடை வேகமே அவருடைய நீச்சல் வேகம் ஆகும். அது மட்டுமல்ல, ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) 0 ஆகி நீருக்குள் தன் முறையைத் தொடங்கினால் கவசம் அவரை 60 அடி மேல்நோக்கித் தூக்கிவிடும். 60 அடி என்பது 18 மீட்டர். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்குள் அடங்கும் கடல். எனவே வடகடலில் நடக்கும் கதையில் இந்தக் கவசம் போட்டவர் எங்கே விழுந்தாலும் ஒரே சுற்றில் வெளிச்சத்துக்கு வந்துவிடுவார். மன்னார் வளைகுடாப் பக்கம் தீவுகளைத் தாண்டி ஆழம் கூடும் இடத்தில் அந்த உறுதி கிடையாது. தோலாடை முதல் கனமான பிளேட் வரை எந்தக் கவசமும் இந்த வகையாக அமையலாம் என்பதால், குழுவின் முன்னணி வீரருக்கு எது பொருந்துமோ அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். 65 பவுண்டு பிளேட் கவசம் போட்டவர் கல்லைப்போல மூழ்குவார் என்று விதி எங்கும் சொல்லவில்லை. பல டிஎம்கள் தாங்களாகச் சேர்க்கும் விதி அது. அப்படிச் சேர்ப்பதாக இருந்தால் ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவதுதான் முறை. வீரர் நடுக்கடலில் குதித்த பிறகு சொன்னால் அது அநியாயம்.

ஒரு பொன் ஈட்டியும் மந்திர வாளும்

ஆயுதத்தில்தான் கருத்து வேறுபாடு அதிகம். +1 வாள் (தாக்கும் உருட்டலிலும் அடியிலும் ஒன்று கூட்டும் மந்திர வாள்) எப்போதும் நல்லது என்பார்கள். தரையில் சரி. நீருக்குள் ஸ்விம் ஸ்பீடு இல்லாதவர் கைச்சண்டையில் டேகர், ஜாவலின், ஷார்ட்ஸ்வோர்ட், ஈட்டி, சூலம் இந்த ஐந்தைத் தவிர எதை வீசினாலும் டிஸ்அட்வான்டேஜ். இரண்டு இருபது முகப் பகடை உருட்டிச் சிறியதை எடுக்க வேண்டும்.

கணக்குப் பார்ப்போம். 5ஆம் லெவல் வீரர், ஸ்ட்ரெங்த் (பலம்) 16, தாக்கும் உருட்டலுக்கு +6. எதிரியின் ஆர்மர் கிளாஸ் (தாக்குதல் எட்ட வேண்டிய எண்) 16. பகடையில் 10 வந்தால் போதும், வாய்ப்பு 55 விழுக்காடு. சாதாரண ஈட்டியால் குத்தினால் சராசரி அடி 6.5, அதாவது ஒரு குத்துக்கு எதிர்பார்க்கக்கூடியது ஏறக்குறைய 3.6. அதே வீரர் +1 லாங்ஸ்வோர்டை எடுத்தால் 9 வந்தால் போதும், ஆனால் இரண்டு பகடையிலும் வர வேண்டும். 60 விழுக்காடு 36 ஆகச் சுருங்குகிறது. சராசரி அடி 8.5 என்றாலும் எதிர்பார்ப்பு 3.1தான். கிரிட்டிகலை (20 விழுந்தால் கூடும் அடியை) கணக்கில் சேர்த்தால் வாளுக்கு இன்னும் நட்டம், டிஸ்அட்வான்டேஜில் 20 விழுவதே அரிது. ஒரு பொன் விலையுள்ள ஈட்டி, நூற்றுக்கணக்கில் விலைபோகும் மந்திர வாளைத் தோற்கடிக்கிறது. +2 வாள் வந்தால்தான் எதிர்பார்ப்பு 4.0 ஆகி ஈட்டியை முந்துகிறது. ஆனால் +1 ஈட்டி 4.5 தருகிறதே!

ஃப்ளேம் டங் வாளைத் தேர்ந்தெடுக்கும் குழுவைப் பார்த்தால் மனம் பதறுகிறது. கரையில் அது அபாரம், ஒவ்வோர் அடிக்கும் கூடுதலாக இரண்டு ஆறுமுகப் பகடை நெருப்பு, சராசரி 7. முழுக்க நீரில் மூழ்கிய எதிரிக்கு நெருப்பு அடி பாதியாகிறது, வாள் என்பதால் டிஸ்அட்வான்டேஜும் சேர்கிறது, அட்யூன்மென்ட் இடம் ஒன்றையும் பிடித்துக்கொள்கிறது. கதையில் பாதிக்கு மேல் நீருக்குள் நடக்கும் என்றால் அதை விட்டுவிடுங்கள்.

திருக்கைப் போர்வையோ மரினர்ஸ் ஆர்மரோ கிடைத்த வாள்வீரருக்கு இந்தக் கவலை இல்லை, ஸ்விம் ஸ்பீடு இருந்தாலே அந்த டிஸ்அட்வான்டேஜ் போய்விடும். வில்லாளிக்கு அந்தச் சலுகை கிடையாது. நீருக்குள் எய்யும் ஆயுதங்களில் கிராஸ்போவும், வலையும், ஈட்டிபோல எறிபவையும்தான் ஒழுங்காக வேலை செய்யும், அதுவும் முதல் தூர எல்லைக்குள் மட்டும். லாங்போ பிடித்தவர் 25 பொன் கொடுத்து ஒரு லைட் கிராஸ்போ வாங்கி முதுகில் மாட்டிக்கொள்வது எந்த மந்திரப் பொருளையும்விட முதல் செலவு. 2024 பதிப்பில் ஆடுகிறவர்கள் கவனிக்க: அங்கே கைச்சண்டையில் குத்தும் ஆயுதம் எதுவானாலும் டிஸ்அட்வான்டேஜ் இல்லை, ரேபியரும் தப்பிக்கிறது.

டிரைடன்ட் ஆஃப் ஃபிஷ் கமாண்ட், மீன்களை ஆளும் சூலம். எல்லைச்சாமி கையில் சூலம் பார்த்தே வளர்ந்த ஊர்களில் இதை வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. மூன்று சார்ஜ் (பயன்படுத்தும் தடவை), ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை டாமினேட் பீஸ்ட் (விலங்கை வசப்படுத்தும் மந்திரம்), தப்பிக்க அந்த விலங்கு உருட்டலில் 15 எடுக்க வேண்டும், விடிந்தால் ஒன்று முதல் மூன்று சார்ஜ் திரும்பும். சுறாவையோ ராட்சதக் கணவாயையோ எதிரிமேல் ஏவிவிடும் காட்சி ஓர் அமர்வு முழுக்கப் பேசவைக்கும். ஆனால் இயல்பாக நீந்தும் விலங்குமேல் மட்டும்தான் அது செல்லும். சாஹுவாகின், மெரோ போன்ற பேசும் கடல்வாசிகள்மேல் செல்லாது. டிஎம் வைத்திருக்கும் எதிரிகள் பெரும்பாலும் அவர்கள்தான் என்றால், இது விலை கூடிய சாதாரணச் சூலம். சாதாரணச் சூலமோ ஐந்து பொன், நாலு பவுண்டு, அடி ஈட்டியளவே.

நல்ல தண்ணி

டெகேன்டர் ஆஃப் எண்ட்லெஸ் வாட்டரை (வற்றாத தண்ணீர்க் குடுவையை) வெளியூர் ஆட்டக்காரர்கள் வேடிக்கைப் பொருளாகப் பார்ப்பார்கள். ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்பிய ஊரில் அப்படிப் பார்க்க முடியாது. மூடியைத் திறந்து சொல்லைச் சொன்னால் நல்ல தண்ணியோ உப்புத் தண்ணியோ, கேட்டது வரும். ஒரு காலன், ஐந்து காலன், முப்பது காலன் என்று மூன்று அளவு. முப்பது காலன் 113 லிட்டர். பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் என்று வைத்தால் ஏழரைக் குடம், ஆறு நொடியில். ஒரு நிமிடத்துக்குப் பத்துச் சுற்று, 1,135 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் ஒன்றை நிரப்பப் பதினோரு நிமிடம் போதும், தீரவும் தீராது.

இதனால்தான் டிஎம் இரண்டு முறை யோசிக்க வேண்டிய பொருள் இது. வறட்சி, கண்மாய்ச் சண்டை, தண்ணீர் இல்லாத தீவில் சிக்கிக்கொண்ட குழு போன்றவை கதையின் முதுகெலும்பாக இருந்தால் இந்தக் குடுவை ஒரே அமர்வில் அதை முறித்துவிடும். அப்போது தராமல் இருப்பதே நல்லது. கதையே அந்தக் குடுவையைப் பற்றியதாக இருக்கட்டும் என்று முடிவு செய்தால் முதல் அமர்விலேயே கொடுத்துவிடலாம்: எந்த ஊர் வாசலில் அது திறக்கும், யார் அதைக் கைப்பற்றப் பார்ப்பார்கள், தண்ணீர் விற்றுப் பிழைத்தவர் என்ன செய்வார். இடைப்பட்ட நிலைதான் மோசம். யோசிக்காமல் கொடுத்துவிட்டு, பிறகு விதியை வளைத்து அதை அடக்கப் பார்ப்பார்கள், ஆட்டக்காரர்களுக்கு எரிச்சல் வரும்.

சண்டையில் இதன் பங்கு சிறியது. முப்பது காலன் பீச்சலை 30 அடிக்குள் நிற்கும் ஒருவர்மேல் திருப்பலாம், ஸ்ட்ரெங்த் சேவில் (பலத்தால் தப்பிக்கும் உருட்டலில்) 13 எடுக்கத் தவறினால் அவர் கீழே விழுவார். வள்ளத்தின் பின்னால் இதைக் கட்டி எஞ்சின் ஆக்கலாமா என்று யாராவது கட்டாயம் கேட்பார். பீச்சல் பிடித்திருப்பவரைப் பின்னால் தள்ளும் என்று விதியில் ஒரு சொல்லும் இல்லை. முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுவது ஆட்டத்துக்கு நல்லது.

தடி, பை, மடக்குப் படகு

இம்மூவபிள் ராட் பொத்தானை அழுத்திய இடத்தில் நிற்கும் இரும்புத் தடி. 8,000 பவுண்டு, அதாவது மூன்றரை டன்னுக்கு மேல் தாங்கும். கடலில் இதை நங்கூரமாகப் போடலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும், சரியான யோசனையும்கூட. பவளப்பாறை மேல் நங்கூரம் போட்டுப் பாறையை உடைக்க வேண்டியதில்லை. ஆனால் தடி அசையாது என்பதால் படகும் அசையாது என்று நினைக்கக் கூடாது. இடையில் இருப்பது கயிறு. சணல் கயிற்றுக்கு இரண்டே ஹிட் பாயிண்ட், ஸ்ட்ரெங்த் 17 எடுத்தால் அறுந்துபோகும். அலை வள்ளத்தின் அணியத்தை (முன்பகுதியை) தூக்கும்போது, இளக்கமில்லாத குட்டைக் கயிறு நேராக இழுபட்டு அறும், அல்லது கட்டிய மரம் பிய்ந்து வரும். நீளமாக விட்டு, இரண்டு கயிறாகக் கட்ட வேண்டும். நீருக்குள் இன்னொரு பயன்: நீரோட்டம் இழுக்கும் இடத்தில் தடியை நட்டுவிட்டால் எல்லோருக்கும் பிடிமானம்.

பேக் ஆஃப் ஹோல்டிங் என்ற மந்திரப் பை பற்றி எல்லோருக்கும் தெரியும், 500 பவுண்டு கொள்ளும், எப்போதும் 15 பவுண்டுதான் கனக்கும். கடல் குழுவுக்கு அதில் ஒரே ஆபத்து, ஆனால் பெரிய ஆபத்து. பை கிழிந்தாலோ ஓட்டை விழுந்தாலோ அழிந்துபோகும், உள்ளே இருந்ததெல்லாம் ஆஸ்ட்ரல் வெளி என்ற வேற்றுலகில் சிதறும். கரைக்காரர்கள் அதில் போடுவது என்ன? முள்சங்கு, உடைந்த பவளம், திருக்கை வால், உறையில்லாத ஈட்டி. எல்லாமே துளைக்கும் பொருள். முதலில் பலகைப் பெட்டியிலோ தடித்த சாக்கிலோ போட்டு, அதன் பிறகு பைக்குள் வைக்க வேண்டும். பையின் வாய் இரண்டு அடி அகலம், பெட்டி அதற்குள் நுழைய வேண்டும். ஆளை உள்ளே ஒளித்தால் ஒருவருக்குப் பத்து நிமிட மூச்சு, இருவருக்கு ஐந்து. நீருக்குள் பையைத் திறந்தால் தண்ணீர் உள்ளே போகுமா என்பதற்கு விதியில் பதில் இல்லை. டிஎம்மிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோல்டிங் போட் (மடக்குப் படகு) ரேர், அதாவது அரிய ரகம். ஓர் அடி நீளப் பெட்டி, ஒரு சொல்லுக்கு 10 அடிப் படகு, இன்னொரு சொல்லுக்கு 24 அடிக் கப்பல், அதில் பதினைந்து பேர் ஏறலாம். 24 அடி என்றால் கரையில் நிற்கும் சிறிய ஃபைபர் வள்ளம் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளலாம். தீவு தீவாகப் போகும் கதைக்கு மிக நல்லது, எதிரி படகைத் திருடவும் முடியாது, துளைக்கவும் முடியாது, பெட்டியாக்கி இடுப்பில் செருகிக்கொள்ளலாம். ஆனால் ஒரே தீவைச் சுற்றி நடக்கும் கதையில் 50 பொன் கொடுத்து வாங்கும் துடுப்புப் படகே அந்த வேலையைச் செய்துவிடும். அரிய பொருளுக்கான இடத்தை அதற்குச் செலவழிப்பது வீண்.

எந்த இரண்டு?

இந்தக் கரையில் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். கதை எந்தக் கடலில் நடக்கிறது என்பதே தேர்வையும் மாற்றும். பெண்கடலில், வாட்டர் பிரீதிங் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால், மரினர்ஸ் ஆர்மரும் திருக்கைப் போர்வையும். கவசம் முன்னணி வீரருக்கு, போர்வை காயம் ஆற்றத் தெரிந்தவருக்கு. பலர் போர்வையை ஒற்றருக்குக் கொடுக்கிறார்கள். விழுந்தவரிடம் முதலில் போய்ச் சேர வேண்டியவர் காயம் ஆற்றுபவர்தான், ஒற்றர் கையில் ஏற்கெனவே டேகரும் ஷார்ட்ஸ்வோர்டும் இருக்கின்றன. ஆண்கடலில் தீவுகளுக்கு வெளியே ஆழத்தில் நடக்கும் கதை என்றால் போர்வையும் +1 ஈட்டியும். ஆழத்தில் சாதாரண ஆயுதம் சரியாகப் பாயாத எதிரிகள் வரத் தொடங்குவார்கள், குழுவில் மந்திர ஆயுதம் ஒன்றாவது வேண்டும். மூச்சு மந்திரம் தெரிந்தவர் யாருமே இல்லாத குழுவுக்குப் போர்வையும் தொப்பியும், மற்ற இருவருக்கு வாட்டர் பிரீதிங் போஷன். ஒரு போஷன் ஒரு மணி நேரம்தான் தாங்கும் என்பதால் ஆளுக்கு இரண்டு.

இந்தப் பட்டியலில் ஃப்ளேம் டங்கும் மீன் சூலமும் தவிர எதற்கும் அட்யூன்மென்ட் தேவையில்லை. ஒருவருக்கு மூன்று என்ற அந்த வரம்பு முழுக்க மிச்சம் இருக்கிறது. பின்னால் க்ளோக் ஆஃப் புரொடெக்ஷன் (காப்புப் போர்வை) போன்றவை கிடைக்கும்போது இடம் காத்திருக்கும். ஆனால் அதுவும் திருக்கைப் போர்வையும் இரண்டுமே மேலாடை, ஒருவர் தோளில் ஒன்றுதான் ஏறும். ஆளை மாற்றிக் கொடுங்கள்.

மேசைக்கும் ஒரு வார்த்தை. உப்புக்காற்றில் தாள் நமுத்துவிடும், பேனா மை பரவிவிடும். பொருள் அட்டைகளை லேமினேட் செய்துவிடுங்கள், எழுத வேண்டியதைப் பென்சிலால் தனித்தாளில் எழுதுங்கள். சார்ஜ் எண்ணுவதற்குச் சோழிதான் சிறந்தது, காற்றுக்குப் பறக்காது. மீன் சூலத்தின் அட்டைமேல் மூன்று, வாண்ட் ஆஃப் மேஜிக் மிசைல்ஸ் (மாயக்கணைக் கோல்) போன்ற ஒன்று இருந்தால் அதன் அட்டைமேல் ஏழு. செலவழித்ததைப் பல்லாங்குழிப் பலகையில் அவரவர் குழியில் போட்டுவிட்டால், விடிந்ததும் எத்தனை திரும்பின என்று பகடை உருட்டி அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். பகடையை ஒரு தாம்பாளத்தில் துணி விரித்து உருட்டுங்கள். மணலில் விழுந்த இருபது முகப் பகடையைத் தேடி எடுப்பது சுலபமில்லை.